தட்டுச் சத்தம் கேட்டால் ஓட வேண்டிய இடம்

சாவி என் கையில் இருந்தது. பூட்டு பூட்டியபடியே தொங்கியது. ஆனால் உள்ளே ஏதோ சத்தம் கேட்டது.

பங்குனி மாதம், காலை ஒன்பதரை மணி இருக்கும். அங்கன்வாடியின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பாத்திரத்தின் அடியை யாரோ வழிப்பது போல ஒரு சுரண்டல். நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.

எலி என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் மையத்து எலிகள் சத்துமாவு தின்று வளர்ந்தவை. ஒருமுறை பார்வையிட வந்த சூப்பர்வைசர் அம்மாவே அவற்றுக்குப் பயந்து நாற்காலி மேல் ஏறி நின்றிருக்கிறார். அந்த எலிகளை மனதுக்குள் திட்டிக்கொண்டே சாவியைப் பூட்டில் நுழைக்கப் போனேன்.

அப்போது உள்ளே இருந்தது மூச்சு விட்டது. ஊதுவது போல, நீளமாக, கனமாக ஒரு மூச்சு. எலி மூச்சு விடுவது கதவுக்கு வெளியே கேட்காது.

கதவுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ஜன்னலின் பலகையில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் உண்டு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தேன். தரையெல்லாம் மாவு. நடுவில் கன்னங்கரேலென்று சடை விழுந்த ஒரு முதுகு. காலை நீட்டி, பந்தியில் உட்கார்ந்த பெரிய மனிதர் மாதிரி உட்கார்ந்திருந்தது. தலையைத் திருப்பியது. மூக்கு மட்டும் வெளுப்பாக இருந்தது. வாயில் எண்ணெய் பாக்கெட்.

கரடி.

கீழே படிக்கட்டுப் பக்கமிருந்து கொலுசுச் சத்தம் கேட்டது. பிள்ளைகளில் ஒருத்தியின் அம்மா செல்வராணி, ஏழு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தாள்.

எனக்குப் பயமே இல்லையா?

மலைக் காலனியில் வேலைக்குச் சேர்ந்ததைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அத்தனை வருடம் காட்டு ஓரத்தில் தனியாக நடந்திருக்கிறீர்களே, உங்களுக்குப் பயமே கிடையாதா?" என்று கேட்டிருந்தார். அம்மா தாயே, என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது கேத்தியில். எங்கள் கேரட் தோட்டத்துக்கு எருமைச் சாணம் கொண்டு வரும் லாரிக்கே பயந்து ஒளிந்துகொள்வேன். என் அண்ணன்கள் இருவரும் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். வேலை கிடைத்தது கட்டபெட்டுக்குக் கீழே, பஸ் ஸ்டாப்பிலிருந்து தேயிலைக்குள் கால் மணி நேரம் நடந்தால் வரும் ஒரு காலனியில். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் குடியிருக்கும் இடம். ஆண், பெண் எல்லோருக்கும் எஸ்டேட் வேலை.

அந்தக் கால் மணி நேர நடையை நான் ஒரு நாளும் நிம்மதியாக நடந்ததில்லை. தேயிலைச் செடி இடுப்புயரம்தான். ஆனால் அதற்குள் என்ன படுத்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. காலையில் போகும்போது கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சுத் துணை இருக்கும். சாயங்காலம் திரும்பும்போது நானும் என் செருப்புச் சத்தமும் மட்டும்தான். சத்தமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடப்பேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அப்படித்தான் எனக்கு உதவியது.

ஒரு நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் பாதியைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தாள். காற்றில் தலைப்பு விலகியது. ஒரு பக்கம் கண் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இழுத்துத் தைத்திருந்தது. நான் கேட்கவில்லை. அவளே, "கொழுந்து எடுக்கறப்போங்க. கரடி குட்டியோட படுத்திருந்திருக்குது, நான் பாக்கல" என்றாள். அதன் பிறகு ஒரு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பை முறை

பங்குனியில் எங்கள் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். உறைபனி போய், முதல் மழை விழுந்து, கருகிக் கிடந்த தேயிலை பச்சை பிடிக்கும். சாலையோரம் ஊதாப்பூ மரங்கள் இலையே தெரியாமல் பூத்து நிற்கும். டூரிஸ்ட்டுகள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். எங்களுக்கோ அது கரடி மாதம். அந்த ஒரு மழை சோலைக் காட்டுக்குப் போதாது; உள்ளே தண்ணீர் வற்றிக் கிடக்கும், தின்னவும் ஒன்றும் இருக்காது. வீட்டு வாசலுக்கே வரும்.

கரடிக்கு எண்ணெய் என்றால் உயிர். முந்தைய வருடம் காலனியின் மாரியம்மன் கோயில் கதவை உடைத்து, அத்தனை விளக்குகளின் எண்ணெயையும் குடித்துவிட்டுப் போனது. விளக்குகளைக் கழுவி வைத்த மாதிரி நக்கி வைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் வனத்துறை கார்டு ஒருவர் வந்து பேசினார். ஆள் இருக்கும் வீட்டுக்குள் கரடி சட்டென்று நுழையாது, இரவில் காலியாகக் கிடக்கும் கட்டடத்தைத்தான் உடைக்கும், அதனால் அங்கன்வாடியில் எண்ணெய், முட்டை, மாவு எதையும் இரவில் வைக்காதீர்கள் என்றார்.

காலனிப் பெண்களே ஓர் ஏற்பாடு செய்தார்கள். சாயங்காலம் மூன்றரைக்கு நான் மையத்தைப் பூட்டும்போது எண்ணெய், முட்டை, சத்துமாவு மூன்றையும் ஒரு பெரிய பையில் போட்டுக் கொடுப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டில் பை தங்கும். மறுநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து திரும்பி வரும். இதற்குப் பை முறை என்று பெயர். "இன்னிக்கு யார் முறை?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த வருடம் எனக்கு உதவிக்கு ஆயாவும் இல்லை, இடம் காலியாகக் கிடந்தது. பை முறை இல்லாவிட்டால் நான் வேலையை விட்டே போயிருப்பேன்.

காப்பு கட்டிய வாரம்

கரடி உட்கார்ந்திருந்த அந்த நாளுக்கு முந்தைய சாயங்காலம் பார்வதியின் முறை. பார்வதி ஒல்லியாக, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் பெண். கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அவருக்குக் காப்புக் கட்டியிருக்குதுங்க. கரகம் எடுக்கறாரு. முட்டை ஊட்டுக்குள்ள ஆகாதுங்க."

அது எனக்குத் தோன்றவே இல்லை. மாரியம்மன் திருவிழா ஆரம்பித்திருந்தது. காப்புக் கட்டியவர்கள் வீட்டில் கவுச்சி கூடாது. பார்வதி வீடு மட்டுமில்லை, பக்கத்து வீடுகளும் விரதம். ஏற்பாடு செய்த நாளில் எங்களில் ஒருவரும் திருவிழாவைப் பற்றி யோசிக்கவில்லை.

"முட்டையை எடுத்துட்டு எண்ணெயை மட்டும் குடுங்கன்னா, பையெல்லாம் முட்டை நாத்தம்" என்று அவளே சங்கடப்பட்டாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

"சரி விடு பார்வதி, நானே ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தடி நடந்தேன். எண்ணெய் பாக்கெட் ஒன்று கசிந்து, என் சேலையில் பட்டிருந்தது. இந்த வாசனையோடு கால் மணி நேரம் தேயிலைக்குள் நடக்க வேண்டும். பஸ்ஸில் பார்த்த அந்த முகம் நினைவுக்கு வந்தது. நின்றேன். திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

கதவைத் திறந்து, பையை உள்ளே அலமாரிக்குக் கீழே தள்ளி, பிள்ளைகள் படுக்கும் பாயைச் சுருட்டி அதன் மேல் வைத்து மறைத்தேன். பூட்டினேன். வேகமாக நடந்து பஸ் பிடித்தேன். ஒரு ராத்திரிதானே என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் சொல்லிக்கொடுத்த விளையாட்டு

கார்டு சொன்னதில் இன்னொன்றும் இருந்தது. கரடியைப் பார்த்தவர் உடனே எவர்சில்வர் தட்டைத் தட்ட வேண்டும். தட்டுச் சத்தம் கேட்டால் பெரியவர்கள் சேர்ந்து நின்று கூச்சல் போட வேண்டும். சின்னப் பிள்ளைகள் உறுதியான ஒரு கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்.

காலனியில் இரும்புக் கதவு போட்ட கட்டடம் அங்கன்வாடி ஒன்றுதான். எல்லோரும் அதையே காட்டினார்கள். பின்பக்கத்து மர ஜன்னலைக் கரையான் அரித்துக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். பொருள் எதுவும் உள்ளே இல்லாதபோது கரடிக்கு அங்கே என்ன வேலை என்று விட்டுவிட்டோம்.

பிள்ளைகளுக்கு இதை நான் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். வாசலில் நின்று கரண்டியால் தட்டைத் தட்டுவேன். எங்கே இருந்தாலும் ஓடி வந்து கதவைத் தொட வேண்டும். முதலில் தொடுபவருக்குக் கடலை மிட்டாய்.

முதல் நாள் விளையாட்டு குளறுபடியானது. பாதி வழியில் அம்மாக்கள் "டேய், செருப்பைப் போட்டுட்டு ஓடு", "இங்க வா, மூக்கைத் தொடைச்சு விடறேன்" என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. அதனால் ஒரு விதி சேர்த்தேன். யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது. அம்மா கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது. யாராவது கையை நீட்டிப் பிடிக்க வந்தால் குனிந்து ஓட வேண்டும்.

இதை மற்றவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டது யாழினி. செல்வராணியின் மகள், நான்கு வயது. சொன்னால் சொன்னபடி செய்யும் பிள்ளை. பெரும்பாலும் கடலை மிட்டாய் அவளுக்குத்தான் கிடைத்தது.

சத்தம்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். கதவுக்குள் கரடி. படிக்கட்டில் ஏழு பிள்ளைகள்.

கத்தக் கூடாது என்று மட்டும் எனக்குப் புரிந்தது. தட்டு என் தோள்பையிலேயே இருந்தது, அதை எடுத்துத் தட்டினால் எல்லாப் பிள்ளைகளும் இந்தக் கதவை நோக்கித்தான் ஓடி வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் வராமல் படியிறங்க ஆரம்பித்தேன். செல்வராணியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். நான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வேகமாக ஏறினாள்.

பத்துப் படி இறங்கியிருப்பேன்.

கோயில் எங்கள் மையத்துக்குப் பின்னால், மேட்டில் இருக்கிறது. திருவிழாவுக்காக ராஜாமணி அண்ணன் ஏணி மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். சின்னப் பையனாகச் சிலோனிலிருந்து வந்தவர், அறுபதைத் தாண்டியவர். அங்கிருந்து பார்த்தால் மையத்தின் பின் ஜன்னல் தெரியும். அது பெயர்ந்து கிடப்பதையும் உள்ளே கறுப்பாக ஒன்று அசைவதையும் அவர் பார்த்துவிட்டார். இறங்கி, கோயிலில் கட்டியிருந்த தட்டை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள் என்று யோசிக்க நேரமில்லாமல், நாங்கள் பேசி வைத்ததைத்தான் செய்தார்.

டங் டங் டங் என்று மலை முழுக்கக் கேட்டது.

ஏழு பிள்ளைகளும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

படியின் குறுக்கே கைகளை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். "நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினேன். மோதினார்கள், விழுந்தார்கள், ஒருவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழுதான். சேலைக்குள் வாரி அணைத்துக்கொண்டேன். ஆறு பேர்.

யாழினி குனிந்து என் கைக்குக் கீழே புகுந்து போய்விட்டாள்.

"யாழினி, நில்லு!" என்று நான் கத்தினேன். கீழேயிருந்து செல்வராணியும் கத்தினாள். அவள் நிற்கவில்லை. யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது என்பது விதி.

ஆறு பிள்ளைகளை அணைத்துக்கொண்டிருந்ததால்தான் நான் எழுந்து ஓடவில்லை என்று அன்றைக்கு எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். உண்மை அது இல்லை. என் கால் வரவில்லை. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் போக என்னால் முடியவில்லை. செல்வராணி என்னைத் தாண்டி மேலே ஓடினாள். அவளுடைய முழங்கை என் கன்னத்தில் இடித்தது.

யாழினி கதவைத் தொட்டுவிட்டாள். பூட்டியிருந்ததால் இரண்டு கைகளாலும் தட்டினாள். "டீச்சர், தெறங்க! டீச்சர், தெறங்க!"

தட்டுச் சத்தத்துக்கு மிரண்ட கரடி பின் ஜன்னல் வழியாக வெளியே குதித்திருக்கிறது. பின்னால் மண் மேடு, மேலே ராஜாமணி அண்ணனின் சத்தம். போக இருந்த ஒரே வழி முன்பக்கம். சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தது. முகமெல்லாம் மாவு. பிள்ளைக்கும் அதற்கும் நடுவே ஒரு பாய் விரிக்கும் இடம்தான் இருந்தது.

ராஜாமணி அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டார். செல்வராணி கதவுக்கு இன்னும் ஐந்தாறு படி கீழே இருந்தாள், அசையாமல் நின்றுவிட்டாள். யாழினி திரும்பிப் பார்த்தாள். கரடி பின்னங்கால்களில் எழுந்தது. ஊதியது. ஏழெட்டு நொடி இருக்கலாம். எனக்கு அது எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணைத் திறந்தபோது பாதைக்கு அந்தப் பக்கம் தேயிலைச் செடிகள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. அது கீழே, ஓடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

யாழினி கதவில் ஒரு கையை வைத்தபடியே என்னைப் பார்த்தாள். "டீச்சர், நாந்தான் ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

யார் முறை?

மதியம் வனத்துறை ஆட்கள் வந்து பட்டாசு வெடித்தார்கள். கார்டு மையத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "எண்ணெயும் மாவும் உள்ள எப்படி வந்துச்சு? நேத்து யார் முறை?"

கூட்டம் பார்வதியைப் பார்த்தது. அவள் என்னைப் பார்த்தாள். டீச்சர் எடுத்துக்கொண்டு போனார் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் கையோடு கொண்டு போயிருப்பேன், வேறு ஏதோ நடந்திருக்கிறது என்று நினைத்தாளோ, என்மேல் இருந்த மரியாதையோ, தெரியாது.

"ஏம்மா, காப்புக் கட்டுனா புள்ளைங்க உசுரு முக்கியமில்லாமப் போயிருமா?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். ஆளாளுக்குப் பேசினார்கள். அவள் புருஷன் கரகம் எடுக்கக் கூடாது என்று ஒரு குரல் வந்தது. பார்வதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

நான் கொஞ்ச நேரம் பேசாமல்தான் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். வேலை போய்விடும், இங்கே இனி தலைகாட்ட முடியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்வதியின் கணவர் மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். அவிழ்க்கச் சொல்வார்களோ என்று அவருக்குப் பயம்.

"பை என்கிட்டதான் இருந்துச்சு" என்றேன். "எடுத்துட்டுப் போறேன்னு பார்வதிகிட்ட சொன்னேன். அந்த வாசனையோட நடக்கப் பயமா இருந்துச்சு. யாருக்கும் தெரியாம உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டேன்."

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ராஜாமணி அண்ணன்தான் கடைசியில், "பயம் எல்லாருக்கும் உள்ளதுதான் டீச்சரம்மா. ஆனா சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா பையை அப்பவே எடுத்திருப்போம், நான் அந்தத் தட்டைத் தொட வேண்டியே இருந்திருக்காது, விளங்குதா?" என்றார். அவருடைய கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது.

செல்வராணி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வாசலில் ஒருத்தி

இரண்டு நாள் கழித்துக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்பதரைக்குப் போய்ப் பாயை விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். வேறு வழி இல்லை. கொழுந்து பெருகும் மாதம், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு யாரும் உட்கார முடியாது. கடைசியாகச் செல்வராணி வந்தாள். யாழினியைப் பாயில் உட்கார வைத்தாள். போகவில்லை. மண்டபத்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். எஸ்டேட்டுக்கு லீவு சொல்லிவிட்டதாகப் பார்வதிதான் சொன்னாள். நான் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன், கதை சொன்னேன், மதியம் சாதம் போட்டேன். செல்வராணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் புதிதாக ஒரு விளையாட்டை ஆரம்பித்தால் அவளுடைய கழுத்து நிமிரும்.

அடுத்த வாரம் கார்டு வந்து, கரடியை மேல் சோலைப் பக்கம் விரட்டியாகிவிட்டது, இனிப் பகலில் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவளிடம் போனேன்.

"கரடிதான் போயிருச்சுன்னு சொல்றாங்களே செல்வராணி. இன்னும் எத்தனை நாளைக்கு வேலையை விட்டுட்டு இப்படி உக்காந்திருப்ப?"

தேயிலைச் சரிவு முழுக்க அவளுடைய முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒரு தடவைகூடத் திரும்பி அதைப் பார்த்ததில்லை அவள்.

"கரடிக்காக நான் உக்காரலீங்க டீச்சர்" என்றாள்.